ஏழாம் பக்கத்து வெற்றுக் கட்டம்

ஜோசப்பின் அந்த ஒரு கோட்டை அடிக்காமல் விட்டது மார்ச் மாதத்தில். அது அவளுக்குத் தெரியவந்தது ஜூன் இரண்டாம் வாரத்தில், ஒரு புதன்கிழமை காலை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு அது. ஹட்டன் டவுனில், பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் பாதையில், தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறிய அலுவலகம் இருந்தது. எந்த மருந்தை எப்போது அடிப்பது, எந்த உரத்தை எப்படிப் போடுவது என்று சுற்றியுள்ள முப்பத்தெட்டுத் தோட்டங்களுக்கும் எழுதி அனுப்புவது அதன் வேலை. ஜோசப்பின் அங்கே டைப்பிஸ்ட். றொசல்லையில் தேயிலை பெக்டரியில் வேலை செய்த இக்னேசியஸின் மூத்த மகள். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்புவாள். வயது இருபத்தாறு.

முந்திய வருடக் கடைசியில் கொழும்புத் தலைமை அலுவலகம் ஒரு கொம்பியூட்டரை அனுப்பியிருந்தது. அதற்கு முன் அவளுக்கு இரண்டு வாரப் பயிற்சி கொடுத்தார்கள். டைப்ரைட்டரில் எட்டு வருடம் அடித்த கைக்கு எழுத்துப் பலகை புதிதாக இல்லை. புதிதாக இருந்தது வேறொன்று. டைப்ரைட்டரில் அடித்தால் அடித்தது அப்படியே தாளில் நிற்கும். இங்கே அப்படி இல்லை. பச்சை எழுத்தில் திரையில் தெரிவது ஒன்று, தாளில் வரப்போவது இன்னொன்று. புள்ளி வைத்துத் தொடங்கும் வரி அச்சில் வராது. அது இயந்திரத்துக்குச் சொல்லும் சொல். இங்கே தலைப்பு, இங்கே புதுப் பந்தி, இங்கிருந்து அட்டவணை என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். அட்டவணையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே ஒரு நிமிர்ந்த கோடு போட வேண்டும். அவ்வளவு போதும். மேலிருந்து கீழே ஓடும் எந்தப் பத்தி எவ்வளவு அகலம், எண்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை எல்லாம் இயந்திரமே அளந்து வரிசைப்படுத்தி அச்சடிக்கும்.

அது அவளுக்குப் பிடித்திருந்தது. டைப்ரைட்டரில் அட்டவணை அடிப்பது என்றால் முதலில் பென்சிலால் கணக்குப் போட்டு, கட்டம் தொடங்கும் இடங்களில் நிறுத்தங்களை வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தாள் சுற்றிய வண்டியைத் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். ஒரு எண் பிசகினால் முழுத் தாளும் போச்சு. கொம்பியூட்டரில் கோடு போட்டால் முடிந்தது. மார்ச்சில் வந்த மருந்துக் கையேடு ஆங்கிலத்தில் நாற்பத்திரண்டு பக்கம். அதில் பத்தொன்பது அட்டவணைகள். அவள் ஒன்பது நாளில் முடித்தாள். அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்த முத்துலிங்கம் கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பார்த்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் பெயரின் முதலெழுத்தைப் போட்டார். ஏப்ரலில் கையேடு தோட்டங்களுக்குப் போனது.

ஜூன் மாதம் அந்தப் புதன்கிழமை வந்த கடிதம் அக்கரப்பத்தனைப் பக்கத்துப் பன்னங்காட்டுத் தோட்டத்திலிருந்து. சின்னக் கடிதம்தான். புதிய களை மருந்து அடித்ததில் தோட்டத்தின் கன்று மலையில், இளந்தேயிலை நட்ட இடத்தில், இரண்டு ஏக்கர் கருகிவிட்டது. மருந்தைக் கலந்த மாயாண்டி என்பவர் அளவுக்கு மேல் கலந்துவிட்டதாகத் தெரிகிறது. அவர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறார். வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணை. அதில் வைப்பதற்குக் கையேட்டின் ஏழாம் பக்கத்துக்கு மூன்று நல்ல பிரதிகள் தேவை.

ஜோசப்பின் பிளொப்பியைப் போட்டு ஏழாம் பக்கத்தைத் திரையில் எடுத்தாள். அச்சடிக்கும் முன் ஒருமுறை பார்ப்பது அவள் வழக்கம். களை மருந்து வரியில் கண் நின்றது. மற்ற எல்லா வரிகளிலும் மூன்று கோடுகள் இருந்தன. இந்த வரியில் இரண்டுதான் இருந்தன.

அலுமாரியைத் திறந்து கொழும்பிலிருந்து வந்த கையெழுத்துப் பிரதியை எடுத்தாள். பேனாவால் எழுதிய அட்டவணை. மேலே தலைப்புகள்: மருந்து, கன்று மலை, கவ்வாத்து மலை, கொழுந்து மலை. செடிகளை வெட்டிவிட்ட இடம் கவ்வாத்து மலை; கொழுந்து பறிக்கும் இடம் கொழுந்து மலை. கீழே ஒரு டாங்கி தண்ணீருக்கு எத்தனை அவுன்ஸ் என்ற எண்கள். களை மருந்து வரியில் கன்று மலைக்குக் கீழே ஒன்றும் எழுதப்படவில்லை. வெற்றிடம். கவ்வாத்து மலைக்கு மூன்று, கொழுந்து மலைக்கு நான்கு. இளங்கன்றுக்கு அந்த மருந்து ஆகாது. அதனால் எழுதியவர் அந்த இடத்தை அப்படியே விட்டிருந்தார்.

தமிழில் சொன்னால், அவள் அடித்திருக்க வேண்டியது இது:

களை மருந்து | | 3 | 4

அடித்திருந்தது இது:

களை மருந்து | 3 | 4

இயந்திரம் அவள் கொடுத்ததை எடுத்து, முதல் எண்ணை முதல் கட்டத்திலும் இரண்டாவது எண்ணை இரண்டாவது கட்டத்திலும் அழகாக நிறுத்தியிருந்தது. கன்று மலைக்கு மூன்று அவுன்ஸ். கவ்வாத்து மலைக்கு நான்கு. கொழுந்து மலைக்கு ஒன்றுமில்லை. தாளில் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. முத்துலிங்கம் படித்துப் பார்த்தபோது பிரதியில் இருந்த ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு எண்ணும் அச்சிலும் இருந்தன. வெறுமையாக இருந்த ஒன்றை அவரும் தேடவில்லை.

ஜோசப்பின் அந்த வரியில் கோடுகளை மறுபடி எண்ணினாள்; இரண்டுதான். பழைய டைப்ரைட்டரில் என்றால் இது நடந்திருக்காது என்று தோன்றியது. வெற்றிடமானாலும் அந்த இடத்தைத் தாண்டித்தான் வண்டி போக வேண்டும். கை அதை உணர்ந்திருக்கும். பிறகு, அப்படி நினைப்பதும் ஒரு சாக்குத்தான் என்று தோன்றியது. வெற்றுக் கட்டத்துக்கும் கோடு போட வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தான் கொடுத்தார்கள். அவளுடைய குறிப்புப் புத்தகத்திலேயே அது இருந்தது.

கையெழுத்துப் பிரதியையும் அச்சான பக்கத்தையும் எடுத்துக்கொண்டு முத்துலிங்கத்தின் மேசைக்குப் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"எத்தன தோட்டத்துக்குப் போயிருக்கு?"

"முப்பத்தெட்டுக்கும் போயிருக்கு சார்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முதலில் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் டெலிபோனை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல எல்லாத் தோட்டத்துக்கும் சொல்லணும். லிஸ்ட்டக் கொண்டாங்க. லைன் கிடைக்காத தோட்டத்துக்குத் தந்தி குடுப்போம். மிச்சத்தப் பொறகு பேசுவோம்."

மத்தியானம் வரை இருவரும் மாறி மாறிப் பேசினார்கள். ஏழாம் பக்கம், களை மருந்து வரி, கன்று மலைக்கு அடிக்கக் கூடாது, கவ்வாத்து மலைக்கு மூன்று, கொழுந்து மலைக்கு நான்கு, திருத்தம் தபாலில் வருகிறது. லைன் விட்டு விட்டுப் போனது. சில இடங்களில் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருந்தது. வேறெங்கும் கன்று மலையில் இன்னும் அடிக்கவில்லை என்று தெரிந்தது. இரண்டு தோட்டங்களில் அடுத்த வாரம் அடிக்க இருந்தார்கள். பன்னங்காட்டுக்கு மட்டும் லைன் கிடைக்கவில்லை. அதற்குத் தந்தி போனது.

சாப்பாட்டுக்குப் பிறகு முத்துலிங்கம் சொன்னார்: "திருத்தின பக்கத்த அனுப்புறோம். திருத்தம்னு மேல போட்டிருப்போம். பார்த்தா அவங்களுக்கே வெளங்கும். அதுக்கு மேல நாம வெளக்கம் எழுதப் போக வேணாம்."

"அந்த ஆள் வேலையில்லாம இருக்காரே சார்."

"திருத்தம் போய்ச் சேந்தா தோட்டத்த நடத்துற தொரை பாத்துக்குவாரு."

"பாக்கலன்னா?"

அவர் லிஸ்ட்டை மடித்து வைத்தார். "உங்க வேலை இன்னும் நிரந்தரமாகல ஜோசப்பின். அதையும் யோசிச்சுப் பாருங்க," என்றார். மிரட்டலாக அல்ல. உண்மையில் அவளுக்காகக் கவலைப்பட்டுத்தான் சொன்னார் என்று அவளுக்குத் தெரிந்தது. 

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் தூறல். சந்தியில் இறங்கி, கேட்டுக் கேட்டு இரண்டு மைல் நடந்தாள். பன்னங்காட்டில் மருந்தடிக்கிற மாயாண்டி என்றதும், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற கீழ் லயத்தைக் காட்டினார்கள். போகிற வழியில்தான் அந்தக் கன்று மலை இருந்தது. சுற்றிலும் பச்சை. நடுவே இரண்டு ஏக்கரும் வெயிலில் காய்ந்த புகையிலை நிறத்தில் கிடந்தன. முழங்கால் உயரக் கன்றுகள். தூறலில் அவற்றின் இலைகள் ஒட்டிக்கொண்டு தொங்கின. அவள் அங்கே நிற்காமல் நடந்தாள்.

மாயாண்டிக்கு நாற்பது வயதிருக்கும். கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தவர், டவுன் உடுப்பில் ஒரு பெண் வருவதைப் பார்த்து இறங்கி வந்தார். அவர் மனைவி பேச்சியம்மா அப்போதுதான் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்திருந்தாள்; தலையில் இன்னும் ஈரச் சாக்கு.

"ஹட்டன் ஆபீஸ்லேர்ந்து வர்றேங்க. அந்த மருந்துப் புத்தகத்த அடிச்சது நான்தான்," என்றாள் ஜோசப்பின்.

"உள்ள வாங்க மிஸ். நனையிறீங்க," என்றாள் பேச்சியம்மா.

உள்ளே பலகைக் கட்டிலில் உட்கார்ந்ததும் ஜோசப்பின் கேட்டாள்: "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுவீங்களாண்ணே?"

மாயாண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "பதினோரு வருசமா மருந்தடிக்கிறேங்க. இது புது மருந்து. காலையில பெரட்டுல வேல பிரிக்கிறப்ப கண்டாக்கையா கன்று மலைக்கு அடிக்கச் சொன்னாரு. களையக் கொல்ற மருந்து கன்னக் கொல்லாதுங்களான்னு கேட்டேன். புத்தகத்தத் தொறந்து காட்டினாரு. மூனு அவுன்சுன்னு போட்டிருக்கு, கொம்பியூட்டர் அடிச்ச புத்தகம், இதுக்கு மேல என்னன்னாரு. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா அளக்கத் தெரியும். மூனுதான் போட்டேன்."

"மூனு சரிதான்னு புத்தகம் சொல்லுது, அப்ப இவருதான் கூடப் போட்டிருப்பாருன்னு சொல்றாங்க," என்றாள் பேச்சியம்மா. "தண்ணி புடிக்கப் பீலிக்கரையில நின்னா நாலு பேரு அதே பேச்சு. தண்ணியப் போட்டுட்டு அளந்திருப்பான்னு. இந்த மனுசன் தொட்டதே கெடையாது."

"அவுங்க பேசினாப் பேசட்டும்," என்றார் மாயாண்டி. குரல் இறங்கியிருந்தது. "நானே ராப்பகலா யோசிக்கிறேங்க. ஒருவேள கை தவறிக் கூடத்தான் போட்டுட்டேனோன்னு. நேத்திலேர்ந்து அப்பிடியே நம்ப ஆரம்பிச்சிட்டேன்."

 ஜோசப்பின் பையிலிருந்து அச்சான பக்கத்தையும், கையெழுத்துப் பிரதியைப் பார்த்து எழுதிவந்த தாளையும் எடுத்தாள். இரண்டையும் கட்டிலில் விரித்து, வெறுமையாக இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"நீங்க சரியாத்தான் அளந்தீங்க. பிழை என்னோடது. இந்தா, இங்க ஒன்னுமே எழுதல பாருங்க. கன்னுக்கு அடிக்கக் கூடாதுன்னு அர்த்தம். இந்த எடம் காலியா இருக்குன்னு நான் மெஷினுக்குச் சொல்லல. சொல்லாம விட்டதால பக்கத்துல இருந்த மூனு, தள்ளி இங்க வந்து உக்காந்துகிச்சு."

மாயாண்டி குனிந்து பார்த்தார். எழுத்துத் தெரியாவிட்டாலும் கட்டங்கள் தெரிந்தன. ஒரு தாளில் மூன்று நின்ற இடத்தையும் மற்றத் தாளில் அது நின்ற இடத்தையும் விரலால் மாறி மாறித் தொட்டார்.

"நெரைக்கு நடுவுல ஒரு செடி செத்துப்போனா அந்தக் குழிய விட்டுட்டுத்தானே அடுத்ததுக்குப் போவோம்," என்றார் மெதுவாக. "குழியே இல்லன்னு நெனச்சு நட்டுகிட்டுப் போனா நெரையே மாறிப் போயிரும்."

"ஆமாண்ணே. அதுதான் நடந்துச்சு."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.  பேச்சியம்மா அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள். கோபம் வரும், திட்டுவார் என்று ஜோசப்பின் காத்திருந்தாள். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"செவ்வாக்கெழம நீங்க வந்து இதச் சொல்லுவீங்களா?"

"வர்றேன்."

திங்கட்கிழமை காலை முத்துலிங்கத்திடம் மறுநாளுக்கு லீவு கேட்டாள். எதற்கு என்றும் சொன்னாள். அவர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு லீவுத் தாளை அவள் பக்கமே தள்ளினார்.

"லீவு வேணாம். ஆபீஸ் வேலையாப் போறதா எழுதிக்கிறேன். ஒரு விசயம். எல்லாத்தையும் உங்க தலையிலயே தூக்கிப் போட்டுக்காதீங்க. படிச்சுப் பாத்துக் கையெழுத்து வச்சது நான். அதையும் சொல்லுங்க." சொல்லிவிட்டுக் கையெழுத்துப் பிரதியை அலுமாரியிலிருந்து தானே எடுத்து வந்து ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார்.

விசாரணை தோட்ட ஆபீசில் நடந்தது. திருத்தம் சொன்ன தந்தி, வேறு கடிதங்களோடு ஒரு தட்டில் கிடந்தது. அதை விசாரணையோடு சேர்த்து யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. துரை சிங்களவர், பேச்சில் நிதானமானவர், தமிழ் நன்றாகப் பேசுவார். மேசையின் ஒரு பக்கம், மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு டக்ளஸ். முப்பது வயதைத் தாண்டிய மெலிந்த மனிதர். தொப்பியை மடியில் வைத்திருந்தார். மாயாண்டியும் தொழிலாளர் சங்கத்தின் தோட்டத் தலைவர் செல்லசாமியும் கதவோரம் நின்றார்கள். ஜோசப்பினுக்கு நாற்காலி போட்டார்கள். மாயாண்டி நிற்கையில் உட்காரக் கூச்சமாக இருந்ததால் அவளும் நின்றுகொண்டே சொன்னாள். கையெழுத்துப் பிரதி, அச்சான பக்கம், திரையில் இருந்த வரிகளை அப்படியே எடுத்த தாள் ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்து, கோடு விடுபட்ட இடத்தைக் காட்டினாள்.

துரை மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது மெஷின் விட்ட பிழை."

டக்ளஸ் சட்டென்று தலையை நிமிர்த்தினார். "அப்பிடித்தான் சார். மெஷின் பிழைன்னு எழுதிட்டா யாருக்கும் கஷ்டமில்ல. மாயாண்டியும் வேலைக்கு வரலாம்."

அறையில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். செல்லசாமி கூடத் தலையை ஆட்டினார். ஆம் என்று சொன்னால் போதும். மாயாண்டிக்கு வேலை கிடைக்கும், அவளுக்கும் பழுதில்லை.

"இல்லீங்க," என்றாள் ஜோசப்பின். "மெஷின் நான் சொன்னதத்தான் செஞ்சுது. மெஷின் பிழைன்னு எழுதினா, மெஷின மாத்தினா சரியாப் போயிரும்னு நெனப்பாங்க. நாளைக்கு இன்னொருத்தர் இதே மாதிரி கோட்ட விட்டுட்டா மறுபடி இதேதான் நடக்கும். பாக்காம விட்டது நான். சரிபாத்தது எங்க ஆபீஸ். அப்பிடியே எழுதுங்க." மூச்செடுத்துக்கொண்டு, "இன்னொன்னும் இருக்குங்க. அடிக்கிறதுக்கு முந்தியே மாயாண்டி சந்தேகப்பட்டுக் கேட்டிருக்காரு. அதையும் எழுதணும்," என்றாள்.

துரை டக்ளஸைப் பார்த்தார். "கேட்டாரா?"

டக்ளஸ் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் இல்லையென்று சொல்லியிருந்தால் அதை மறுக்க அங்கே சாட்சி கிடையாது. பெரட்டில் நின்றவர்கள் பல பேர். ஆனால் கண்டாக்குக்கு எதிராக யார் வந்து சொல்லப் போகிறார்கள்?

"கேட்டாரு சார்," என்றார் கடைசியில். "கன்று செத்துப் போகாதான்னு கேட்டாரு. நான் புத்தகத்தக் காட்டினேன். கொழுந்து மலைக்கு ஒன்னும் போடாம இருந்தது எனக்கே வித்தியாசமாத்தான் இருந்துச்சு. கொழுந்துல வாடை ஒட்டும்னு விட்டிருப்பாங்கன்னு நெனச்சுகிட்டேன். அச்சுல இருந்ததால கேள்வி கேக்கத் தோணல."

மாயாண்டி தலை குனிந்து நின்றார். அவர் தோள் ஒருமுறை ஏறி இறங்கியதை ஜோசப்பின் பார்த்தாள். துரை எழுதி முடித்துவிட்டு, "நாளைக்குப் பெரட்டுக்கு வாங்க மாயாண்டி," என்றார். வெளியே வந்ததும் மாயாண்டி அவளிடம் நன்றி எதுவும் சொல்லவில்லை. சந்தி வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்து, பஸ் வரும்வரை நின்றார். பஸ் வந்ததும், "பாத்துப் போங்க மிஸ்," என்றார்.

ஆகஸ்டில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவள் வேலையை நிரந்தரமாக்குவது ஆறு மாதம் தள்ளிப்போடப்பட்டது. முத்துலிங்கத்துக்கு எச்சரிக்கை. வீட்டில் இக்னேசியஸ் கடிதத்தைப் படித்துவிட்டு, "சொன்னதுக்குத் தண்டன, சொல்லாம இருந்தா ஒன்னுமில்ல. நல்ல ஞாயம்," என்றார். அவளும் சில நாள் அப்படித்தான் கசப்பாக இருந்தாள். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து தன் கையையே நம்ப முடியாமல் போன மனிதரின் முகம் நினைவுக்கு வரும். அந்த இரண்டு நினைவும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. ஒன்று மற்றதை முழுதாக வெல்லவில்லை.

கையேட்டின் இரண்டாம் பதிப்பு அந்த வருடமே வேலைக்கு வந்தது. இந்த முறை அவள் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடவில்லை. அடிக்கக் கூடாத இடத்தில் எல்லாம் அடிக்கக் கூடாது என்றே எழுதினாள். அதற்காகப் பத்தி அகலமாகி, அழகு கெட்டது; கெடட்டும் என்று விட்டாள். அச்சடிக்கும் முன் ஒவ்வொரு வரியிலும் கோடுகளை எண்ணினாள். பிறகு முத்துலிங்கம் கையெழுத்துப் பிரதியைப் பிடித்துக்கொண்டு உரக்கப் படிக்க, அவள் அச்சுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். கன்று மலை, அடிக்கக் கூடாது. கவ்வாத்து மலை, மூன்று. கொழுந்து மலை, நான்கு. நாற்பத்திரண்டு பக்கமும் அப்படியே. நடுவில் தேத்தண்ணி கொண்டுவந்த அம்மாக்கண்ணு, ஜெபமாலை சொல்வதாக நினைத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

இயந்திரத்தில் தமிழ் எழுத்து இல்லை. அதனால் மருந்து அடிப்பவர்களுக்கான தமிழ் அட்டவணையை ஜோசப்பின் ஸ்டென்சில் தாளில் கையால் எழுதினாள். எழுத்துத் தெரியாதவர்களுக்காகக் கன்றும், வெட்டிய செடியும், கொழுந்துச் செடியும் தலைப்பில் சின்னப் படமாக வரைந்தாள். அடிக்கக் கூடாத கட்டத்தில் குறுக்குக் கோடு. நூறு பிரதி உருட்டி எடுத்து அனுப்பினார்கள்.

டிசம்பரில் ஒரு நாள் டக்ளஸ் அலுவலகத்துக்கு வந்தார். மழைக்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கையேட்டின் பதினோராம் பக்கத்தை அவள் மேசையில் விரித்தார்.

"கொப்புள நோய்க்கு அடிக்கிற மருந்து. மழை விட்டு விட்டுப் பெஞ்சா ரெண்டு மடங்கு தடவ அடிக்கச் சொல்லியிருக்கு. அவ்வளவு தேவையில்லன்னு மாயாண்டி சொல்றாரு. அடிக்கிறத நிப்பாட்டி வச்சிட்டு வந்திருக்கேன்."

ஜோசப்பின் கையெழுத்துப் பிரதியை எடுத்தாள். வரியைப் பார்த்தாள். கோடுகளை எண்ணினாள். முத்துலிங்கத்தையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னாள். அப்புறம் கொழும்புக்குப் போன் போட்டு, எழுதிய அதிகாரியிடமே கேட்டாள். முக்கால் மணி நேரம் ஆனது.

"புத்தகம் சரிதாங்க," என்றாள். "ஈரம் காயாம நிக்கிற நாள்லதான் நோய் வேகமாப் பரவும். அதனாலதான் அத்தன தடவ. காரணத்தையும் எழுதித் தர்றேன், அவருக்குப் படிச்சுக் காட்டுங்க."

எழுதிக் கொடுத்த தாளை டக்ளஸ் மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்தார். "இதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தேன்னு தொரை கேப்பாரு," என்றார். அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இருக்கவில்லை. மழைக்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டரை மணி பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனார்.